சடங்கோடு நின்றுபோகும் கவனிப்பு

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால், உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று வீட்டார் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். மண்டபம் எடுத்து மஞ்சள் நீராட்டும் செய்கிறார்கள். விழா முடிந்ததும் அந்தக் கவனிப்பு நின்றுவிடுகிறது. உதிரப்போக்கு மட்டும் மாதாமாதம் தொடர்கிறது.

ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் போகும். 80-ஐத் தாண்டினால் அது மிகை. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. மிகைப்போக்குள்ள பெண் மாதம் 40 மில்லிகிராமாவது இழக்கிறாள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேரும். அதையும் சாப்பாட்டோடு குடிக்கும் தே தாரிக் தடுத்துவிடுகிறது. காலையில் வெறும் வயிறு, மாலையில் ரொட்டி சானாயும் தேநீரும் என்று வளரும் பிள்ளைக்கு இழந்தது எப்படித் திரும்பும்? தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். கீரையோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேரட்டும். அசைவ வீடுகளில் ஈரலும் மீனும் நல்லது. புரட்டாசியில் சைவம் இருக்கும் பிள்ளைக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. பத்தில் மூவர்! படியேறினால் மூச்சு வாங்கும், ஐஸ் கட்டியைக் கடிக்கத் தோன்றும், படித்தது மனத்தில் நிற்காது. நாமோ சோம்பேறி என்று ஏசுகிறோம். சோகை வராமல் இரும்புச்சத்து மட்டும் குறைந்த பள்ளிப் பெண்களுக்கு அமெரிக்காவின் பால்டிமோரில் 8 வாரம் இரும்பு மாத்திரை கொடுத்தபோது, சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறன் கூடியது. அந்த ஆய்வு 1996-இல் வெளிவந்தது.

படிவம் 4 மாணவர்களுக்குப் பள்ளியில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் கோளாறுக்கான பரிசோதனை நடக்கிறது. தலசீமியா இல்லை என்றதும் பெற்றோர் நிம்மதியாகிவிடக் கூடாது. ஹீமோகுளோபின் அளவையும் கேட்டுப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. காரணம் இரும்புக் குறைவா, தலசீமியாக் கூறா என்று தெரியாமல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் தவறு. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பேட் நனைந்துபோனாலும் காத்திருக்காதீர்கள். பிள்ளையை அரசு கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட்.