உபயம்: பெயர் சொல்ல விரும்பாதவர்

நம்ம ஊர்க் கோயிலில் ஒரு டியூப்லைட் மாட்டினால் போதும். அதன் மேலேயே கொட்டை எழுத்தில் 'உபயம்' என்று பெயர், அப்பா பெயர், கடைப் பெயர், கிளைகள் கிடையாது என்பது வரை எழுதிவிடுவார்கள். பாதி வெளிச்சத்தை அந்தப் பெயரே குடித்துவிடும். நாற்பது வாட்ஸ் கொடுத்தவருக்கே இந்த ஆசை என்றால், ஒரு முழுப் பள்ளிக்கூடத்தைக் கட்டிக் கொடுத்து, அதில் படிக்கும் அத்தனை பையன்களின் படிப்புச் செலவையும் ஏற்றவருக்கு எத்தனை பெரிய போர்டு வேண்டும்?

ஒரு போர்டும் வேண்டாம், என் பெயரே வெளியே வரக்கூடாது என்று சொன்னார் ஒரு அம்மாள். ஊர், நியூயார்க். பள்ளியின் பெயர், ரீஜிஸ் ஹை ஸ்கூல். ஆண்கள் மட்டும் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளி. 1914-ல் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை டியூஷன் பீஸ், பூஜ்யம்.

நான் பி.காம். படித்தவன். எந்த நல்ல கதையைக் கேட்டாலும், 'அது சரி, பணம் எங்கேருந்து வந்தது?' என்றுதான் முதலில் புத்தி போகும். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஹியூ கிராண்ட் என்று ஒரு மேயர். நீங்க நினைக்கிற சினிமா ஹீரோ இல்லை சார், இவர் 1889 முதல் 1892 வரை நியூயார்க் மேயர். பதவி ஏற்றபோது வயது முப்பதுதான். டாமனி ஹால் என்ற அரசியல் கோஷ்டியின் ஆள். லஞ்சத்துக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் அமெரிக்காவில் இன்றைக்கும் அந்தக் கோஷ்டியின் பெயரைத்தான் இழுப்பார்கள். கிராண்ட் 1910-ல் இறந்தார். பெரிய சொத்து, மனைவி ஜூலியா கையில் வந்தது.

அந்தக் கால நியூயார்க்கில் கத்தோலிக்கர்கள் என்றால் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கப்பலேறி வந்த கூலி ஜனங்கள். பையன் கெட்டிக்காரனாக இருப்பான். பள்ளிக்கு அனுப்பக் காசு இருக்காது. ஜூலியா அம்மாள் சேசு சபைப் பாதிரியார்களிடம் பணத்தைக் கொடுத்தார். 'பணம் கட்ட முடியாத வீட்டுப் பையன்களுக்கு முன்னுரிமை கொடுங்க. என் பெயரைச் சொல்லாதீங்க.' இவ்வளவுதான் கேட்டதன் சாரம். பள்ளியும் காப்பாற்றியது. 'ஸ்தாபகத் தாய்' என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயரை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சமாளித்தது. பள்ளிக்குக்கூட அவர் பெயர் இல்லை; பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரியார், புனித ஜான் பிரான்சிஸ் ரீஜிஸின் பெயர்.

சேசு சபை என்றால் நமக்குப் புதுசா என்ன? 'தேம்பாவணி' எழுதிய வீரமாமுனிவர் அந்தச் சபைக்காரர்தான். திருச்சி செயின்ட் ஜோசப்பும் சென்னை லயோலாவும் அவர்கள் நடத்துவதுதான். பள்ளி நடத்துவதற்கென்றே 1599-ல் ஒரு ரூல் புக் போட்டவர்கள். ஆகவே ரீஜிஸின் பழக்கவழக்கங்கள் சில, சபையின் மற்ற பள்ளிகளிலும் உண்டு.

உதாரணத்துக்கு, நாம் பரீட்சைத் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவோம் இல்லையா? அங்கே பையன்கள் 'ஏ.எம்.டி.ஜி.' என்று நாலு எழுத்து போடுவார்கள். எல்லாம் கடவுளின் அதிமிக மகிமைக்கே என்று சொல்லும் லத்தீன் வாசகத்தின் சுருக்கம். படிக்காமல் போனவனுக்கு இரண்டு சுழியும் ஒரே அளவுக்குத்தான் உதவும் என்பது என் அபிப்பிராயம்.

சேட்டை பண்ணினால் 'ஜக்'. தண்ணீர் ஜக் இல்லை. ஸ்கூல் விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் உட்கார வேண்டிய தண்டனை. 'கடவுளின் கீழ் நீதி' என்று வரும் ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்து என்று பையன்கள் விளக்கம் சொல்வார்கள். நம்ம வாத்தியார்கள் பெஞ்ச் மேல் ஏற்றியதற்கு இப்படி ஒரு தெய்வீக விளக்கம் கொடுத்திருந்தால் கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கும்.

பீஸ் இல்லை என்றால் கும்பல் அள்ளாதா? அள்ளும். மன்ஹாட்டனில் பெரிய தனியார் பள்ளிகளில் வருஷத்துக்கு 60,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். இத்தனைக்கும் ரீஜிஸிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே சேசு சபையின் இன்னொரு பள்ளி, லயோலா ஸ்கூல் இருக்கிறது. அங்கே பீஸ் உண்டு! ரீஜிஸில் நுழைய எட்டாம் வகுப்பு படிக்கும்போதே நுழைவுத் தேர்வு, பிறகு இன்டர்வியூ. பெண்ணைப் பெற்றவர்களுக்கும் வேறு மதத்துக்காரர்களுக்கும் கதவு திறக்காது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஏற்பாடு. இன்றைக்குக் கேள்வி கேட்பவர்கள் கேட்கலாம், கேட்க வேண்டியதுதான்.

இனி, உள்ளே போனவர்கள் என்ன ஆனார்கள்?

புரூக்ளினில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகன் ஒருவன். சைக்கிளில் வீடு வீடாக மருந்து டெலிவரி பண்ணுவான். ரீஜிஸுக்குப் போக, பஸ்ஸும் ரயிலுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். போய் லத்தீனும் கிரேக்கமும் படித்தான். ஐந்தடி ஏழு அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு பாஸ்கெட்பால் டீமுக்குக் கேப்டன் வேறு. 1958-ல் பள்ளியை முடித்தான். கொரோனா காலத்தில் தினமும் டி.வி.யில் வந்தாரே, டாக்டர் ஆந்தனி ஃபவுச்சி, அவர்தான். 1984 முதல் 2022 வரை அமெரிக்காவின் தொற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைவர்.

இவர் ஜெயித்த கணக்கு. எனக்குப் பிடித்தது இன்னொரு கணக்கு.

பீட் ஹாமில். இவரும் புரூக்ளின்தான். வட அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ரீஜிஸில் இடம் கிடைத்தது. ஆனால் 1951-ல், படிப்பை முடிக்காமலே வெளியேறி, புரூக்ளின் கடற்படைத் தளத்தில் தகரத் தொழிலாளியாகச் சேர்ந்துவிட்டார். பீஸ் இல்லாவிட்டாலும் வறுமை வேறு ரூபத்தில் வந்து கையைப் பிடித்து இழுக்கும், அது நமக்குத் தெரியாததா? பின்னால் ஹாமில் பத்திரிகைக்கு வந்தார். நியூயார்க்கின் பெயர் பெற்ற பத்தி எழுத்தாளர் ஆனார். பெரிய தினசரிகளுக்கு ஆசிரியராகவும் இருந்தார். 2010-ல், அதாவது 59 வருஷம் கழித்து, ரீஜிஸ் அவரைக் கூப்பிட்டு ஒரு கௌரவ டிப்ளமா கொடுத்தது. ஹை ஸ்கூல் பாஸ், வயது எழுபத்தைந்து! பாதியில் போனவனையும் பேரேட்டிலிருந்து அடிக்காமல் வைத்திருந்த பள்ளி அது.

பேரேடு என்றதும் பழைய கேள்வி ஞாபகம் வருகிறது. ஒரு அம்மாள் கொடுத்த பணம் நூறு வருஷம் தாங்குமா? தாங்காது. விலைவாசி என்று ஒரு பூதம் இருக்கிறதே. சுமார் ஐம்பது வருஷம் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் பணத்திலேயே ஓட்டிய பள்ளி, பிறகு தன் பழைய மாணவர்களிடம் போய் நின்றது. அவர்கள் கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். தான் பார்க்கவே போகாத ஒரு பையனுக்காக. 1973-ல் சேசு சபையின் தலைவர் பெட்ரோ அருப்பே, ஸ்பெயினில் கூடியிருந்த பழைய மாணவர்கள் முன்னால், 'நீங்கள் மற்றவர்களுக்காக வாழும் மனிதர்கள் ஆக வேண்டும்' என்ற பொருளில் பேசினார். அந்தச் சபையின் பள்ளிகளில் இன்றும் அது தாரக மந்திரம். ரீஜிஸ்காரர்களுக்கு அது வெறும் மந்திரம் இல்லை, வரவு செலவுக் கணக்கு.

பெயர் சொல்லாமல் கொடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது பாருங்கள். கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் ஒரு மாலை போட்டு, ஒரு கும்பிடு போட்டுக் கடனை நேர் பண்ணிவிடலாம். தெரியாவிட்டால்? யாரிடம் திருப்பிக் கொடுப்பது? பின்னால் வருகிறவனிடம்தான். ஜூலியா அம்மாள் பெயரை மறைத்தது அடக்கமாக இருக்கலாம். கணக்குப்படி பார்த்தால் அதுதான் அவர் போட்ட பெரிய முதலீடு.

'அமெரிக்காவில் பணக்காரி கொடுத்தாள், நமக்கு யார் கொடுத்தார்கள்?' என்று கேட்பீர்கள். நான் படித்தது அரசு உதவி பெறும் கல்லூரி. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து நான் கட்டிய பீஸ், இன்றைக்கு ஒரு மாச செல்போன் பில்லுக்குக் காணாது. மீதியைக் கட்டியது யார்? எந்த ஊரிலோ சோப்பு வாங்கியவர், தீப்பெட்டி வாங்கியவர், அதில் வரி கட்டியவர். தன் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாதவரும் அதில் இருப்பார். அவர்களும் பெயர் சொல்லாத உபயதாரர்கள்தான். வித்தியாசம், அவர்களிடம் பெயரை நாம் கேட்கவே இல்லை. நீங்கள் அரசுப் பள்ளியில் படித்து, இன்று ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்க பேரிலும் ஒரு பற்று எழுதியிருக்கிறது.

பள்ளிக்கூடம் கட்ட வேண்டாம் சார். உங்க ஆபீசைப் பெருக்கித் துடைக்கிற அம்மாவின் பையனுக்கு இந்த ஜூனில் ஒரு டஜன் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்க. ஒன்று மட்டும், அட்டையில் ஒட்டும் லேபிளில் 'பெயர்' என்று ஒரு கோடு இருக்கும். அது அந்தப் பையனுடைய இடம்.