கரும்பு வெட்டும் கைகளுக்குக் கடற்கரையில் ஓய்வு

கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. ஆனால் 2019-ம் ஆண்டு நவம்பர் வரை, கடல் உள்ள மாவட்டத்தில்தான் அந்த ஊர் இருந்தது. மரக்காணம் கடற்கரையும் கல்வராயன் மலையும் ஒரே விழுப்புரம் மாவட்டம். மாவட்டத்தைப் பிரித்தார்கள். மலை இந்தப் பக்கம் வந்தது. கடல் அந்தப் பக்கம் போய்விட்டது.

போனால் என்ன? காலையில் பஸ் ஏறினால், விழுப்புரம் வழியாக மதியத்துக்குள் புதுச்சேரி போய்ச் சேரலாம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்; அவ்வளவுதான்.

"வயலில் வேலை செய்கிறவனுக்கு யோகாசனம் எதற்கு? வேலையே போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலும் இருக்கிறது.

குனிந்த முதுகு

கரும்பு வெட்டுபவர் குனிகிறார். நாற்று நடும் பெண் குனிகிறாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவும் குனிய வேண்டும். நாள் முழுவதும் முதுகு முன்பக்கமே வளைகிறது. பின்பக்கம் ஒரு முறைகூட வளைவதில்லை. இரவில் முதுகு வலிக்கிறது.

அந்த அலுப்பைத் தீர்க்கச் சாராயத்தைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். அதன் விலை கள்ளக்குறிச்சிக்குத் தெரியும். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. இறந்தவர்களில் பலர் கூலி வேலை செய்தவர்கள். அதே வாரத்தில்தான், ஜூன் 21-ந் தேதி, உலகம் எங்கும் யோகா தினம் கொண்டாடினார்கள்.

குனிந்த முதுகை எதிர்ப்பக்கம் வளைப்பது புஜங்காசனம். புஜங்கம் என்றால் பாம்பு. குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும். பாம்பு படம் எடுப்பதுபோல் தலையையும் மார்பையும் மெதுவாகத் தூக்க வேண்டும். தொப்புள் தரையை விட்டு எழக்கூடாது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகள், ரத்த அழுத்தம் அல்லது குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

மாலை நேரம்

புதுச்சேரி கடற்கரை கிழக்கே பார்த்தது. மாலையில் வெயில் கட்டிடங்களுக்குப் பின்னால் போய்விடும். காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலையில், மாலைக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். குழந்தைகள் பயமில்லாமல் ஓடலாம். ஆனால் அங்கே கரையோரம் நெடுகப் பாறைகள். ஒரு காலத்தில் மணல் இருந்த இடம் அது. துறைமுகம் கட்டிய பிறகு கடல் மணலை அரித்துவிட்டது. கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். பின்னர் கடலுக்குள் தடுப்பு போட்டதால், ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்திருக்கிறது. பாய் விரிக்க அந்த மணல்தான் ஏற்றது. அலையில் இறங்கிக் குளிப்பது ஆபத்து.

ஜனவரி மாதத்தில் அங்கே சர்வதேச யோகா திருவிழா நடப்பது வழக்கம். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அப்போது போவது நல்லது.

எல்லா ஆசனத்துக்கும் கடைசியில் வருவது சவாசனம். மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று அகட்டி, கைகளைத் தளரவிட்டு, பத்து நிமிடம் சும்மா இருப்பது. பார்த்தால் மிக எளிது. செய்தால்தான் தெரியும், கஷ்டம்! மனம் உடனே கடன்காரனிடம் போகும். ஆலை தர வேண்டிய கரும்புப் பணத்துக்குப் போகும். அதற்கு வழி மூச்சுதான். நாலு எண்ணி மூச்சை இழுக்க வேண்டும். ஆறு எண்ணி விட வேண்டும். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. உடம்பும் தானாகத் தளர்கிறது.

இதில் முதலில் தேறுகிறவர்கள் குழந்தைகள்தான். சிலர் குறட்டையே விட்டுவிடுவார்கள். அது சவாசனம் அல்ல, தூக்கம்!

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேருகிறது. பஸ் செலவுக்கு முடியாதவர்கள், அந்தக் கோமுகிக் கரையில் நிழலான இடமாகப் பார்த்துப் பாய் விரிக்கலாம். பத்து நிமிடத்துக்குக் கைபேசியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.