மடையைத் தேடும் கணக்கு

ஒரு தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ ஆள், கருவி, இடம், நேரம் ஆகிய நான்கையும் எந்த வேலைக்கு எந்த அளவில் ஒதுக்குவது என்பதை ஆராயும் துறை இயக்க மேலாண்மை எனப்படுகிறது; அந்த ஒதுக்கீட்டைக் கணக்காக மாற்றி, ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும், அப்படிச் செய்தால் என்ன ஆகும்’ என்று கேட்டுப் பார்க்க இடம் தரும் கணினி நிரல்களுக்கு முடிவு ஆதரவு மென்பொருள் என்று பெயர். பெயரில் உள்ள ‘ஆதரவு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் முடிவெடுப்பது இந்த மென்பொருளின் வேலை அன்று. இதன் இயல்பை விளக்க அயல்நாட்டுக் கார்த் தொழிற்சாலைகளைத் தேடிப் போகத் தேவையில்லை. உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் பாடமாக வைக்கப்படும் எடுத்துக்காட்டு ஒன்று மதுரையிலேயே இருக்கிறது.

அரசு மருத்துவப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவையைப் பெரும் எண்ணிக்கையில், தரம் குறையாமல், கட்டணம் செலுத்துவோருக்கும் செலுத்த இயலாதோருக்கும் செய்வதை நோக்கமாகக் கொண்டது. அங்கே வழக்கத்துக்கு வந்த ஏற்பாடு எளிமையானது. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தம் செய்து முடித்திருப்பர். ஓர் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அடுத்த மேசைப்பக்கம் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வார். கிராமப்புற இளம்பெண்களைத் தேர்ந்து, மருத்துவமனையே பயிற்சி அளித்து உருவாக்கிய பணியாளர்கள் இந்த ஆயத்த வேலையைச் செய்வதால்தான் மருத்துவரின் நேரம் அறுவைக்கு மட்டுமே செலவாகிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் வி. கஸ்தூரி ரங்கன் 1993-இல் இதை ஆய்வுப் பாடமாக எழுதினார்.

இந்த ஏற்பாடு கணினியிலிருந்து வந்ததன்று என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்ல வேண்டும். ஆனால் அது ஏன் பலிக்கிறது, எந்த இடத்தில் பலிக்காமல் போகும் என்பதைக் கணக்கு காட்டிவிடுகிறது. விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்ளலாம்: அறுவைக்கு 6 நிமிடம், நோயாளியை மேசைக்குக் கொண்டுவந்து கண்ணைத் தூய்மை செய்து துணி போர்த்தவும், பின்னர் இறக்கவும் 9 நிமிடம். மேசை ஒன்று மட்டும் இருந்தால் ஒருவருக்கு 15 நிமிடம், மணிக்கு 4 அறுவை. மேசை இரண்டானால் மணிக்கு 8. அப்போதும் மருத்துவருக்கு மணிக்கு 12 நிமிடம் சும்மா கழிகிறது. மூன்றாவது மேசையைப் போட்டால் எண்ணிக்கை 12 ஆகாது, 10-இல் நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை மேசை போட்டாலும் ஏறாது.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தாலும் வயலுக்குப் பாய்வது மடையின் வாய் விடுகிற அளவுதான். இரண்டு மேசை உள்ள அரங்கில் மடை மேசை. மூன்று மேசை உள்ள அரங்கில் மடை மருத்துவரின் கை. மடை இருக்கும் இடம் தெரியாமல் செலவு செய்வது, வாய்க்காலை மட்டும் அகலமாக வெட்டுவதற்கு ஒப்பாகும்.

மேசையும் மருத்துவரும் மட்டும் என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம். மருத்துவர் பலர், அரங்குகள் பல, வாரத்தின் நாள்கள், வெளியூர் முகாம்களிலிருந்து வந்து சேரும் நோயாளிகள், படுக்கைகள் என்று விரிந்தால் மனக்கணக்கு திணறும். இங்கே உதவுவது, வரம்புகளுக்குள் மிகச் சிறந்த ஒதுக்கீட்டைத் தேடும் நேரியல் திட்டமிடல் என்ற கணித முறை. 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் கண்டறிந்த சிம்ப்ளெக்ஸ் முறை இதற்கு விடை காணும் வழி. எக்செல் விரிதாளுடன் வரும் ‘சால்வர்’ என்ற துணைநிரலே சிறு கணக்குகளுக்குப் போதும். எதை நாம் தீர்மானிக்கப்போகிறோம், எதைக் கூட்டவோ குறைக்கவோ விரும்புகிறோம், எந்த வரம்புகளைத் தாண்டக் கூடாது என்ற மூன்றையும் கட்டங்களில் எழுதிக் கொடுத்தால் அது விடையைத் தருகிறது.

விடையைவிடப் பயனுள்ளது அதனுடன் வரும் ‘நிழல் விலை’. ஒரு வளத்தை இன்னும் ஓர் அலகு கூட்டினால் பலன் எவ்வளவு கூடும் என்பதே இதன் பொருள். மேற்கண்ட இரண்டு மேசை அரங்கில் மருத்துவர் நேரத்தின் நிழல் விலை சுழியம், அதாவது இன்னொரு மருத்துவரை நிறுத்தினாலும் ஓர் அறுவைகூட அதிகரிக்காது. மேசை நேரத்தின் நிழல் விலையோ மணிக்கு 4 அறுவை, ஆனால் அதுவும் மூன்றாவது மேசையின் பாதிப் பயன்பாடு வரைதான்.

இவ்வளவும் எல்லா அறுவையும் 6 நிமிடத்தில் முடியும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. உண்மையில் முற்றிய புரை கூடுதல் நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் அடுத்த மேசை ஆயத்தமாகிக் காத்துக் கிடக்கும். இழந்த நிமிடங்கள் திரும்ப வருவதில்லை. சராசரி 8 என்று காட்டும் இடத்தில் கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவாக இருப்பதன் காரணம் இதுவே. இந்த ஏற்ற இறக்கத்தைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான நாள்களாக ஓட்டிப் பார்க்கும் முறை உருவகப்படுத்துதல் எனப்படுகிறது. ஒத்திகை என்றால் இன்னும் பொருந்தும், ஏனெனில் தவறான ஏற்பாட்டின் விளைவை நோயாளி எவரும் அனுபவிக்காமலே அறிந்துகொள்ள முடிகிறது.

மென்பொருளை மிகையாக நம்புவோர் சறுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, இலக்கு. வருமானத்தைக் கூட்டு என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், இலவசப் பிரிவை மூடிவிடு என்ற விடையைச் சால்வர் கூசாமல் தரும். கட்டணப் பிரிவின் மிச்சத்தைக் கொண்டு இலவசப் பிரிவை நடத்த வேண்டும் என்பது மனிதர் எடுத்த முடிவு, அது வரம்பாக எழுதப்பட்டால்தான் கணக்குக்குள் வரும். இரண்டாவது, தரவு. அறுவையின் நேரத்தை நோயாளி மேசைக்கு வந்ததிலிருந்து இறங்கும் வரை ஒருவரும், முதல் கீறலிலிருந்து அறுவை முடியும் வரை மற்றொருவரும் குறித்தால், 6 நிமிடமும் 15 நிமிடமும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிடும். மென்பொருள் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து, இல்லாத ஓர் அரங்குக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும். ஆகவே இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் விரிதாளைத் திறப்பதற்கு முன்பு, கடிகாரத்துடன் அரங்கின் ஓரத்தில் சில நாள் நின்று, எது தொடக்கம், எது முடிவு என்பதைச் செவிலியருடன் பேசி வரையறுத்துக்கொள்கிறார்கள்.