கரு தங்காதபோது கணவருக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை

கரு இரண்டு மூன்று முறை கலைந்துவிட்டால் நம் வீடுகளில் பேச்சு மருமகள் பக்கமே திரும்புகிறது. தலாக் வரை போன வழக்கும் ஜமாஅத்துக்கு வந்ததுண்டு. ஆனால் இப்படித் திரும்பத் திரும்பக் கலையும் 100 தம்பதியரில் 3 முதல் 5 பேருக்கு, கணவன் மனைவி இருவரில் ஒருவரிடம் குரோமோசோம் இடமாற்றம் இருக்கிறது. அது கணவராகவும் இருக்கலாம்.

நமக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு, இரு வேறு குரோமோசோம்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கும். நம் ஊருக்குத் தறிக் கணக்கில் சொல்கிறேன். பச்சைப் புடவையின் முந்தானை சிவப்பிலும், சிவப்பின் முந்தானை பச்சையிலும் இணைந்துவிட்டன. இரண்டும் பெட்டியில் இருக்கும்வரை எதுவும் குறையவில்லை. அதனால் அவர் நல்ல ஆரோக்கியமாகவே இருப்பார். பிள்ளைக்குப் போகும்போது மாறிய ஒன்றும் மாறாத ஒன்றுமாகப் போனால், ஒரு முந்தானை இரண்டாகிறது, இன்னொன்று இல்லாமலே போகிறது. அந்தக் கரு பெரும்பாலும் தங்காது. சொந்தத்தில் மணம் முடித்ததால் வருவதல்ல இது.

நல்ல விந்தணுவை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாதா என்று கேட்கிறார்கள். வேகமாக நீந்துவதைப் பிரித்தெடுக்கலாம். ஆனால் நன்றாக நீந்துவதிலும் குரோமோசோம் கோளாறு இருக்கக்கூடும். சாயமேற்றிக் குரோமோசோமைப் பார்த்தால் அந்த அணு இறந்துவிடும், பிறகு பயன்படாது. 2017-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு வழியை வெளியிட்டார்கள். உப்புச்செறிவு குறைந்த திரவத்தில் விட்டால் உயிருள்ள விந்தணுவின் வால் வீங்கும். குறிப்பிட்ட விதமாக வீங்கியவற்றில் கோளாறுள்ளவை குறைவாக இருந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. இதை உறுதியான சிகிச்சையாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் யோசியுங்கள்.

இன்று நடைமுறையில் உள்ளது, சோதனைக்குழாய் முறையில் உருவான கருவிலிருந்து ஐந்தாம் நாளை ஒட்டிச் சில செல்களை எடுத்துச் சோதித்து, சீரானதைக் கருப்பையில் வைப்பது. செலவு அதிகம். இயல்பாகவே நல்ல குழந்தை பெற்றவர்களும் பலர். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குரோமோசோம் கோளாறைக் கண்டறியும் சோதனையை அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். மார்க்க நிலையைக் கேட்போருக்கு: 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கணவன் மனைவியின் அணுக்கள் மட்டும் சேரும் முறையைத் தேவைப்படும்போது அனுமதித்தது; மூன்றாமவர் அணுவையும் வாடகைத் தாயையும் தடுத்தது.

முதலில் வேண்டியது காரியோடைப்பிங் என்னும் இரத்தப் பரிசோதனை. வெறும் வயிறு வேண்டாம், வாழ்நாளில் ஒருமுறை போதும். இரண்டு முறை கரு கலைந்திருந்தால் கணவன், மனைவி இருவரும் எடுக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். செலவுக்கு உதவி தேவைப்படுவோர் பழைய ரிப்போர்ட்டுகளுடன் டிரஸ்ட் அலுவலகத்தில் என்னை நேரில் பார்க்கலாம். பெயர் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.