நிரல் எழுதுமுன் ஒரு கேள்வி

மூன்று முள் பிளக்கை இரண்டு துளை மட்டுமே உள்ள இடத்தில் செருக முயன்றிருக்கிறீர்களா? விளக்கில் பழுதில்லை, மின்சாரமும் இருக்கிறது, ஆனாலும் விளக்கு எரியாது. இணையத்திற்கு நிரல் எழுதுவோருக்கும் இதே சங்கடம் வருவதுண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் 'ஃபெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஊசல், மின்சுற்று, அலை ஆகியவற்றைக் கணினித் திரையில் நாமே இயக்கிப் பார்க்கலாம். இந்த மாதிரிகளுள் பெரும்பாலானவை ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதப்பட்டன. இவற்றை உலாவிக்குள் ஓட்டத் தனியே ஒரு துணை நிரல் தேவைப்பட்டது. 2007-இல் வந்த ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனமே ஃபிளாஷைக் கைவிட்டது. ஊசலின் விதி மாறவில்லை. ஊசலைக் காட்டிய நிரல்தான் நின்றுபோயிற்று! ஆகவே அந்த மாதிரிகளை ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

ஏன் ஜாவாஸ்கிரிப்ட்? 1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய இம்மொழிக்கு 1997-இலேயே பொதுத் தரம் வகுக்கப்பட்டது. மீட்டர், கிலோகிராம் போல, எல்லோரும் ஏற்கும் அளவுகோல் அது. அதனால் முக்கிய உலாவிகள் யாவும், துணை நிரல் ஏதுமின்றி, இதனை நேரடியாகப் புரிந்துகொள்கின்றன.

சரி, பக்கங்களை அனுப்பிவைக்கும் சர்வர் கணினிக்கு எந்த மொழி? அங்கே பிஎச்பி, பைத்தான், ஜாவா எனப் பல உண்டு. ஆனால் மொழியின் பெயர் மட்டும் போதாது. எத்தனையாவது பதிப்பு என்றும் பார்க்க வேண்டும். பைத்தான் 2-இல் எழுதிய நிரல்கள் பல, பைத்தான் 3-இல் திருத்தமின்றி ஓடுவதில்லை. இன்னொரு பொறியும் உண்டு. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸோ வேறு வேறாகக் கொள்ளும். வீட்டில் சரியாக ஓடிய நிரல், சர்வரில் 'கோப்பு இல்லை' என்று நிற்பது இதனால்தான்.

நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிடும் சிறு பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுங்கள். விடை ஏறத்தாழ 2 விநாடி வர வேண்டும். அதைப் பள்ளிக் கணினியிலும், கைப்பேசியிலும், வேறோர் உலாவியிலும் திறந்து பாருங்கள். 'இது எங்கெங்கே ஓட வேண்டும்?' என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டால், மொழியைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும் அல்லவா?