பீப்பாய் ஏல்

பீப்பாய் ஏல் என்பது இங்கிலாந்தில் மரபு முறையில் தயாரிக்கப்படும் ஒரு வகைப் பியர் ஆகும். இது ரியல் ஏல் என்றும் அழைக்கப்படுகிறது. இது வடிகட்டப்படுவதில்லை, சூடேற்றிப் பதப்படுத்தப்படுவதும் இல்லை. உயிருள்ள ஈஸ்டுடன் பீப்பாயில் அடைக்கப்பட்டு, அதிலேயே இரண்டாம் முறை நொதித்து, வெளியிலிருந்து வாயு செலுத்தப்படாமல் பரிமாறப்படுகிறது. இதனைக் குடிப்போரிடையே நேரெதிரான கருத்துகள் நிலவுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை, இது உயிருள்ள பானம் என்ற ஒரே காரணத்திலிருந்து தோன்றுபவை. இவ்வகையில் தமிழ்நாட்டின் கள்ளுடன் இதனை ஒப்பிடலாம்.

ஏலும் லாகரும்

பியர் வகைகள் பொதுவாக ஏல், லாகர் என இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. ஏல் ஏறத்தாழ 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் சில நாட்களில் நொதிக்கிறது. லாகர் அதைவிடக் குளிர்ந்த நிலையில் மெதுவாக நொதித்து, பின்னர் சில வாரங்கள் குளிரில் வைக்கப்படுகிறது. ஏலில் பழ மணம் மிகுந்தும், லாகரில் சுவை மென்மையாகவும் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். இந்தியாவில் விற்கப்படும் பியரில் மிகப் பெரும்பகுதி லாகர் வகையைச் சேர்ந்தது.

செய்முறை

பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. அதனை நொறுக்கி வெந்நீரில் ஊற வைக்கும்போது, தானியத்திலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. இந்த இனிப்பு நீருடன் ஹாப்ஸ் எனும் கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்க வைப்பர். ஹாப்ஸ் கசப்பையும் மணத்தையும் தருவதுடன், பானம் கெடுவதையும் தாமதப்படுத்துகிறது. ஆறிய பின் ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது.

முதல் நொதித்தல் முடிந்ததும் ஏல் பீப்பாயில் நிரப்பப்படுகிறது. கலங்கலைப் படிய வைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் பசை சேர்க்கப்படுவது வழக்கம். இதனால் மரக்கறி உண்போர் சிலர் பீப்பாய் ஏலைத் தவிர்க்கின்றனர். அண்மைக் காலமாக இப்பசை இல்லாத ஏலும் கிடைக்கிறது.

எஞ்சிய வேலை மதுவிடுதியின் நிலவறையில் நடக்கிறது. பீப்பாயின் மேல்துளையில் முதலில் நுண்துளைகள் கொண்ட மென்மையான மர ஆணியைச் செருகி, மிகுதியான வாயுவை வெளியேற்றுவர். பின்னர் கடின மர ஆணியால் துளையை அடைப்பர். ஏல் தெளிந்த பின் கைப்பம்பு மூலம் மேலே இழுத்துப் பரிமாறுவர். திறந்த பீப்பாயினுள் காற்று புகுவதால் ஏறத்தாழ மூன்று நாட்களுக்குள் அதனை விற்றுத் தீர்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் 9 காலன் பீப்பாயில் 72 பைன்ட், அதாவது சுமார் 41 லிட்டர் ஏல் இருக்கும்.

குடிப்போரின் கருத்துகள்

வெப்பநிலை: பீப்பாய் ஏல் 11 முதல் 13 பாகை செல்சியஸ் அளவில் பரிமாறப்படுகிறது. குளிரூட்டிய லாகரைக் குடித்துப் பழகியோர் இதனை வெதுவெதுப்பான பியர் என்று குறை கூறுவர். மிகுந்த குளிர் நாவின் உணர்வை மழுங்கச் செய்து, மால்ட், ஹாப்ஸ் ஆகியவற்றின் மணத்தை மறைத்துவிடும் என்பது ஏல் விரும்பிகளின் மறுமொழி.

வாயு: இதில் கரைந்துள்ள கரியமில வாயு, லாகரில் உள்ளதில் ஏறத்தாழ பாதியளவே. எனவே சிலருக்கு இது சப்பென்று இருக்கிறது. வேறு சிலரோ, நாவைக் குத்தாமல் வயிற்றை உப்பச் செய்யாமல் இருப்பதையே இதன் சிறப்பாகக் கருதுகின்றனர்.

நுரை: வட இங்கிலாந்தில் பம்பின் முனையில் துளைகள் கொண்ட சிறு மூடியைப் பொருத்தி, கெட்டியான நுரையுடன் ஊற்றுவர். தென் இங்கிலாந்தில் அம்மூடியின்றி ஊற்றுவதே பெரும்பான்மை வழக்கம். அது கசப்பையும் மணத்தையும் குறைத்துவிடுகிறது என்பது தென்பகுதியினரின் வாதம். ஒரே ஏல் இரு முறைகளிலும் வேறுபட்டுச் சுவைப்பதை இரு தரப்பும் ஏற்கின்றன.

மணம்: பர்ட்டன் நகரத்து நீரில் ஜிப்சம் மிகுதி. அந்நீரில் தயாரான ஏலை ஊற்றியதும் மெல்லிய கந்தக வாடை எழுவதுண்டு. புதிதாகக் குடிப்பவர் இதனைக் கெட்டுப்போனதன் அறிகுறி என நினைக்கலாம்; பழகியவருக்கோ இது பர்ட்டன் ஏலின் அடையாளம்.

குறைபாடு: மேற்கூறியவை விருப்பு வெறுப்பு சார்ந்தவை. புளிப்பு அவ்வாறானதன்று. திறந்து பல நாட்களான பீப்பாயில் காடிப் புளிப்பு ஏறும். இது பராமரிப்பின் பிழை. ஒருவர் தம் முதல் கோப்பையிலேயே இதனைச் சந்தித்தால், பீப்பாய் ஏலின் இயல்பே இதுதான் என்று முடிவு செய்துவிடக் கூடும்.

ஏலுக்கான இயக்கம்

1960களில் பெரும் நிறுவனங்கள், வடிகட்டிச் சூடேற்றி வாயு ஏற்றிய கெக் பியரைப் பரப்பின. இது எளிதில் கெடாது; நிலவறைத் திறனும் தேவையில்லை. இதனால் பீப்பாய் ஏல் மறையத் தொடங்கியது. இதற்கு எதிராக 1971-இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய இயக்கமே காம்ரா. இந்நிறுவனங்களின் பியரைக் குடிப்போரின் அதிருப்தியே இவ்வியக்கத்தின் முதலீடாக அமைந்தது. திறந்த பீப்பாயினுள் காற்றுக்குப் பதிலாகச் சிறிதளவு கரியமில வாயு புகும் கருவியை இவ்வமைப்பு நெடுங்காலம் எதிர்த்தது. 2018-இல் அந்த எதிர்ப்பைக் கைவிட்டு நடுநிலை எடுத்தது.

இந்தியத் தொடர்பு

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் ஏல், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1820களில் பர்ட்டன் ஆலைகளும் இவ்வணிகத்தில் இறங்கின. ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் நீண்ட பயணத்தின்போது ஏல் பீப்பாயிலேயே முதிர்ந்தது. இதற்காகவே ஹாட்ஜ்சன் புதிய வகை ஒன்றைக் கண்டுபிடித்தார் என்பது பரவலான கதை. ஏற்கெனவே இருந்த ஏல் வகை இச்சந்தையில் வளர்ந்தது என்பதே வரலாற்றாய்வாளர்களின் கருத்து. பின்னர் இது இந்தியா பேல் ஏல் எனப் பெயர் பெற்றது. அக்காலச் சென்னையில் துறைமுகம் இல்லை. நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளே சரக்குகளை அலைகளைக் கடந்து கரை சேர்த்தன.

நீலகிரியின் குளிர், பியர் தயாரிப்புக்கு ஏற்றதாக இருந்தது. அங்கிருந்த காசில் ஆலை உட்பட ஐந்து தென்னிந்திய ஆலைகளை இணைத்து, 1915-இல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார்.

தமிழ்நாட்டில்

இந்நிறுவனத்துக்குத் திருவள்ளூர் மாவட்டம் அரண்வாயல்குப்பத்தில் ஆலை உள்ளது. இத்தகைய பேராலைகளில் தயாராகும் லாகர் புட்டியில் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வரை சூடேற்றப்படுவது வழக்கம். இதனால் ஈஸ்ட் இறந்து, பல மாதங்கள் சுவை மாறாமல் இருக்கிறது. வெயிலில் லாரிகளில் சென்று டாஸ்மாக் கடைகளில் காத்திருக்க வேண்டிய பியருக்கு இம்முறை பொருந்துகிறது. நிலவறையும் மூன்று நாள் கெடுவும் கோரும் பீப்பாய் ஏலுக்கு இவ்விற்பனை முறையில் இடமில்லை.

அதே மாவட்டத்தின் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் பனை மரங்கள் காணப்படுகின்றன. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பாளைச் சாற்றை இறக்கினால் நொதித்தல் தடைபட்டுப் பதநீர் கிடைக்கிறது. சுண்ணாம்பின்றி இறக்கினால் காற்றிலுள்ள ஈஸ்ட் அதனைக் கள்ளாக்குகிறது. காலையில் இனிப்பும் மாலையில் புளிப்பும் உடைய கள்ளைப் பற்றிய கருத்துகளும் குடித்த நேரத்தைப் பொறுத்தே அமையும். தமிழ்நாட்டில் 1987 சனவரி 1 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. கேரளத்திலும் புதுச்சேரியிலும் அனுமதி உண்டு. தடையை நீக்கக் கோருவோர் கள்ளை உணவாகக் கருதுகின்றனர். கலப்படத்தைத் தடுப்பது கடினம் என்பது தடையை ஆதரிப்போர் கூறும் காரணங்களுள் ஒன்று.

இன்றைய நிலை

இங்கிலாந்தில் பீப்பாய் ஏலுக்குச் சட்டத்தடை இல்லை எனினும் சந்தை சுருங்கி வருகிறது. வாடிக்கையாளர் குறைந்தால் பீப்பாய் காலியாக நாளாகும். நாளானால் சுவை கெடும். சுவை கெட்டால் வாடிக்கையாளர் மேலும் குறைவர். பர்ட்டனில் மார்ஸ்டன்ஸ் ஆலை பயன்படுத்திவந்த, பீப்பாய்களை வரிசையாக இணைத்து நொதிக்க வைக்கும் பழைய அமைப்பு 2024-இல் நிறுத்தப்பட்டது. அதன் ஒரு தொகுதி தார்ன்பிரிட்ஜ் என்ற சிறிய ஆலைக்கு மாற்றப்பட்டது.