கோதுமை மண்டி அருங்காட்சியகமான கதை

மகன் இங்கிலாந்தில் வேலை பார்ப்பதால் அங்கே சென்று சில வாரங்கள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அரண்மனை, கோட்டை எல்லாம் காட்டினார்கள். என் மனதில் நின்றது குளோஸ்டர் நகரத்துத் துறையில் உள்ள நீர்வழி அருங்காட்சியகம்தான். காரணம், அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் தானிய வியாபாரிகளின் கிட்டங்கி.

குளோஸ்டர் கடலோர ஊர் அல்ல. செவர்ன் ஆற்றின் கரையில் உள்ளது. உலகிலேயே ஏற்றவற்றம் மிக அதிகமான ஆற்று முகங்களில் செவர்னும் ஒன்று. வளைவும் மணல்திட்டும் வேறு. பெரிய கப்பல் ஊருக்கு வர முடியாது. எனவே ஆற்றை விட்டு விலகிக் கால்வாய் வெட்ட முடிவு செய்து, 1793-ல் சட்டமும் வாங்கினார்கள். ஐந்தரை மைல் வெட்டியதும் பணம் தீர்ந்தது. 1799-ல் வேலை நின்றது. பங்கு வாங்கியவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள்! 1817-க்குப் பிறகு, வேலையற்றோருக்குப் பிழைப்புத் தர அரசு கொடுத்த கடன்தான் கைகொடுத்தது. 1827-ல் கால்வாய் திறந்தது. முதலில் பணம் போட்டவர்களுக்கு அது 34 வருடக் காத்திருப்பு.

1846-ல் தானிய இறக்குமதி வரியை நீக்கச் சட்டம் வந்ததும் ஊர் மாறியது. கருங்கடல், டான்யூப் துறைமுகங்களிலிருந்து கோதுமை வந்து குவிந்தது. 1849-ல் இன்னொரு துறையே கட்ட வேண்டியதாயிற்று. கரையோரம் வரிசையாகச் செங்கல் கிட்டங்கிகள் எழுந்தன.

அவற்றில் ஒன்றுதான் லான்தோனி கிட்டங்கி. வெயிட், ஜேம்ஸ் அண்ட் கோ என்ற தானிய வியாபாரிகள் 1873-ல் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் தளத்துக்கு ஒரு கதவு, ஒன்றின் மேல் ஒன்றாக. கப்பலிலிருந்து மூட்டையைத் தூக்கி எந்தத் தளத்துக்கு வேண்டுமோ அங்கே உள்ளே இழுத்துக்கொள்ளலாம். உள்ளே வார்ப்பிரும்புத் தூண்கள்; அத்தனை தளத்துப் பாரமும் அவற்றின் மேல்தான். ஒரு மழையில் தரைத் தளத்தில் நாற்பது மூட்டை உளுந்து முளைவிட்டுப் போன எனக்கு, மேல் தளங்களைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாகவே இருந்தது.

இவர்களுக்கும் நம்மைப் போலவே ஒரு தலைவலி இருந்தது: ரிட்டர்ன் லோடு. கோதுமையும் மரமும் கொண்டு வந்த கப்பல்களுக்குத் திரும்பிப் போகச் சரக்கு போதவில்லை. ட்ராய்ட்விச் உப்புதான் ஓரளவு கிடைத்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் கப்பலின் அளவு. நீராவிக் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின; கால்வாய்க்குள் நுழைய முடியவில்லை. கிட்டங்கி கட்டிய அடுத்த ஆண்டே, 1874-ல், கால்வாயின் கடல்முனையில் ஷார்ப்னெஸ் என்ற இடத்தில் புதுத் துறை திறந்தார்கள். பெரிய கப்பல் அங்கேயே நின்றுவிடும். சரக்கைப் படகில் மாற்றி ஊருக்குக் கொண்டு வர வேண்டும். மாற்றும் கூலி யார் தலையில் விழும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் தானிய வியாபாரம் உடனே ஓடிப்போகவில்லை; இருபதாம் நூற்றாண்டிலும் நெடுநாள் படகில் வந்துகொண்டிருந்தது.

பின்னர் லாரிகள் அதிகமாகிக் கிட்டங்கிகள் காலியாயின. இடித்துவிடாமல் 1988-ல் லான்தோனி கிட்டங்கியில் அருங்காட்சியகம் வைத்தார்கள். வெளியே நீரில் 1925-ல் கட்டிய நீராவித் தூர்வாரி ஒன்று மிதக்கிறது. கால்வாய் வெட்டுவதோடு செலவு முடிவதில்லை, சேறு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. அதன் வாளிகளைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரத்தில் வீட்டார் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார்கள்.

போக நினைக்கும் அன்பர்களுக்கு: லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் சுமார் 2 மணி நேரம். குளோஸ்டர் நிலையத்திலிருந்து துறைக்கு நடந்தே போகலாம். தண்ணீரை ஒட்டிக் காற்று அடிக்கும், கம்பளி அவசியம்.